டவுன்ஹில் சைக்கிளுக்கு எடை குறைந்த, உறுதியான பெடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஓர் அஞ்சடியில் (கடைகளுக்கு முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதையில்) சைக்கிள் பழுதுபார்க்கிறேன். டவுன்ஹில் என்றால் மேட்டிலிருந்து கரடுமுரடான பாதையில் வேகமாக இறங்கும் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை மதியம், செம்பனைத் தோட்டத்து மேட்டிலிருந்து இறங்கிவரும் பிள்ளைகள் முழங்கால்வரை செம்மண்ணோடு நேராக இங்கேதான் வந்து நிற்பார்கள். பிரேக்கைப் பற்றியும் சங்கிலியைப் பற்றியும் கேட்பதைவிடப் பெடலைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். எது எடை குறைவு, எது உடையாது, இரண்டும் ஒன்றாகக் கிடைக்குமா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எடையைப் பாதம் வைக்கும் பலகையில் குறையுங்கள், அச்சிலும் பேரிங்கிலும் குறைக்காதீர்கள். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இதிலிருந்து வருபவைதான்.

எடை குறைந்த பெடல் போட்டால் இறக்கத்தில் வேகம் கூடுமா?

கூடாது. டவுன்ஹில் சைக்கிள் ஒன்று 15 முதல் 17 கிலோ வரை இருக்கும். அதன்மேல் 70 கிலோ ஆள் ஏறினால் மொத்தம் 85 கிலோவைத் தாண்டுகிறது. கடையில் கிடைக்கும் கனமான பெடலுக்கும் மெலிந்த பெடலுக்கும் இடையே ஒரு ஜோடிக்கு 200 கிராம் அளவுதான் வித்தியாசம். டவுன்ஹில் டயர் ஒன்றே 1,200 கிராம் அளவுக்கு இருக்கும். டயர் சுழல்கிறது, ஒவ்வொரு கல்லிலும் ஏறி இறங்குகிறது, அதைத் தரையோடு ஒட்டவைக்க சஸ்பென்ஷன் பாடுபடுகிறது. அதனால் டயரில் குறையும் எடை உடனே தெரியும். பெடல் சஸ்பென்ஷனுக்கு மேலே, சட்டகத்தோடும் ஓட்டுபவரோடும் சேர்ந்த எடை. இறக்கத்தில் அது சுழல்வதும் குறைவு. கிராங்கை, அதாவது பெடலைத் தாங்கும் கையை, படுக்கைவாட்டில் நிறுத்திவிட்டு நாம் அதன்மேல் எழுந்து நிற்கிறோம்.

பலன் கொஞ்சம் தெரிவது ஏற்றத்தில். நம் பக்கத்தில் சைக்கிளை மேலே ஏற்றிவிடக் கம்பிவட வண்டி கிடையாது. வெயிலில் தள்ளிக்கொண்டுதான் ஏறுகிறோம். அங்கேயும் ஒரு குவளைத் தண்ணீரின் எடைதான் மிச்சமாகிறது.

ஆனாலும் எடையைக் கவனிக்கச் சொல்கிறேன், வேறு காரணத்துக்காக. தட்டைப் பெடல் என்பது காலணியைப் பூட்டாமல் சும்மா மிதித்து நிற்கும் பெடல். அதில் 600 கிராம் உள்ளது பெரும்பாலும் தடித்த பெடல். தடித்தது கல்லில் அடிக்கடி இடிக்கும். பாதமும் அச்சுக்கு மேலே உயர்ந்து நிற்பதால் பெடல் காலடியில் புரளப் பார்க்கும். நன்றாக வடிவமைத்த பெடலில் தேவையில்லாத உலோகம் இருக்காது. அதன் விளைவாகவே எடை குறைகிறது. அந்த விளைவைத்தான் தேட வேண்டும்.

சரி, எத்தனை கிராம் இருந்தால் நல்லது?

ஒரு ஜோடிக்குச் சொல்கிறேன். அலுமினியப் பலகையும் குரோம்மாலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) எஃகு அச்சும் கொண்ட தட்டைப் பெடல் 350 முதல் 450 கிராம். நைலான் பலகை என்றால் 340 முதல் 400 வரை. காலணியைப் பூட்டிக்கொள்ளும், சுற்றிலும் கூண்டு வைத்த டவுன்ஹில் பெடல் 450 முதல் 550 வரை. ஷிமானோவின் செயின்ட் பூட்டுப் பெடல் சுமார் 550 கிராம். கிராங்க்பிரதர்ஸ் மாலட் டிஎச் சுமார் 480. இவை பந்தயத்தில் ஓடும் பெடல்கள் என்பதை நினைவில் வையுங்கள். உலகத் தரத்தில் ஓடுபவர்களே அரைக்கிலோவைக் காலடியில் சுமக்கிறார்கள்.

தட்டைப் பெடல் 300 கிராமுக்குக் கீழே போனால் அந்த எடை எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். பதில் தெரியாமல் வாங்காதீர்கள்.

அலுமினியம், மெக்னீசியம், நைலான்: எதை எடுப்பது?

அலுமினியத்தின் அடர்த்தி கன செண்டிமீட்டருக்கு 2.7 கிராம், மெக்னீசியத்துக்கு 1.74. கண்ணாடி இழை கலந்த நைலானோ அதற்கும் கீழே, சுமார் 1.3. இந்த எண்களை மட்டும் பார்த்தால் நைலான் பெடல் பாதி எடையில் கிடைக்க வேண்டும். கிடைப்பதில்லை, ஏனென்றால் அதே பலம் வர நைலானைத் தடிமனாக வார்க்க வேண்டியிருக்கிறது. ரேஸ்ஃபேஸ் செஸ்டர், ஒன்அப் நிறுவனத்தின் நைலான் பெடல் இரண்டும் 350 கிராமை ஒட்டித்தான் நிற்கின்றன. நல்ல அலுமினியப் பெடலும் அங்கேதான் நிற்கிறது.

நம் ஊர் நிலத்துக்கு நைலானை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் சுண்ணாம்புக்கல். தோட்டத்து வரப்பை விட்டுக் குன்றின் அடிவாரத்துக்குப் போனால் கூர்மையான கல் மண்ணிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும். அலுமினியப் பெடல் அதில் கடித்துக்கொண்டு சைக்கிளை ஒரு வெட்டு வெட்டித் திருப்பும். நைலான் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதன் குறை முட்களில், அதாவது காலணியைப் பிடித்துக்கொள்ளப் பலகையில் ஏற்றிய சிறு திருகுகளில் இருக்கிறது. முள்ளின் மரை நேராகப் பிளாஸ்டிக்கில் கடைந்திருந்தால் ஒரு நல்ல அடியில் முள் மரையோடு பிய்ந்துவரும், அந்தத் துளை பிறகு எதற்கும் உதவாது. உலோக நட்டு பதித்து அதில் முள்ளை ஏற்றியிருக்கிற நைலான் பெடலை எடுங்கள்.

அலுமினியத்தில் 6061, 7075 என்ற இரண்டு கலவைகளைக் குறிப்பிடுவார்கள். 7075 கூடுதல் பலம் உள்ளது. 6061-இல் செய்த நல்ல பெடலும் பல ஆண்டு உழைக்கும். கலவை எண்ணைவிட அச்சுக்குழாயின் சுவர் எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்பதைப் பார்ப்பது பயனுள்ளது.

மெக்னீசியத்தை இங்கே நான் யாருக்கும் சொல்வதில்லை. எடை உண்மையில் குறைவு. ஆனால் மெக்னீசியமும் எஃகு முள்ளும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் மெக்னீசியம்தான் அரிக்கப்படும். மேல்பூச்சு கல்லில் உரசிப் போகும்வரை ஒன்றும் தெரியாது. போனபின் முள்ளைச் சுற்றி வெள்ளைத் தூள் பூக்க ஆரம்பிக்கும். வருடம் முழுவதும் ஈரம் வற்றாத பேராக்கில் அதற்கு வேலை இல்லை.

டைட்டானியம் அச்சு வாங்கலாமா? இணையத்தில் பார்க்கும்போது ஆசையாக இருக்கிறது.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பெடல் அச்சு ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ள உத்தரம் போன்றது. கிராங்கில் மரையேற்றிய முனைதான் அதன் வேர். நீங்கள் ஒரு மேட்டிலிருந்து குதித்து இறங்கும்போது உங்கள் எடையின் பல மடங்கு அந்த வேரை வளைக்கப் பார்க்கிறது. ஒரே அடியில் அச்சு முறிவது அரிது. நூற்றுக்கணக்கான அடிகளில், மரை தொடங்கும் இடத்தில் மயிரிழைபோல ஒரு விரிசல் விட்டு, அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து, மிச்சமுள்ள உலோகம் தாங்காத நாளில் முறிகிறது. உலோகக் களைப்பு என்பது இதுதான்.

செம்பனை ஆலையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி முறிந்த பெடலை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். தாடையில் தையல் போட்டிருந்தது. பெயரில்லாத பெடல், இணையத்தில் வாங்கியது. ஜோடி 280 கிராம் என்று விளம்பரம். முறிந்த முகத்தைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் காட்டினேன். வட்டத்தில் பாதிக்கு மேல் பழுப்பாக, வழவழப்பாக இருந்தது. மறுபாதி வெள்ளி மாதிரி பளபளவென்று, உடைத்த கற்கண்டுபோல் மணிமணியாக இருந்தது. பழுப்பான பகுதி பழைய விரிசல். மழைநீர் புகுந்து துருப்பிடிக்கும் அளவுக்கு அது நாள்கணக்கில் திறந்திருக்கிறது. பளபளப்பான பகுதி மட்டும்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை முறிந்தது. அத்தனை நாளும் அவர் அந்த மிச்சத்தின்மேல் நின்றுதான் இறங்கிக்கொண்டிருந்தார். உள்ளே பார்த்தால் எடை குறைப்பதற்காக அந்த எஃகு அச்சை முனைவரை துளைத்திருந்தார்கள், வேரிலும் கூட.

டைட்டானியம் மோசமான உலோகம் இல்லை. எஃகின் அடர்த்தி 7.85, டைட்டானியத்துக்கு 4.5, ஆகவே அதே அளவு அச்சில் நாற்பது சதவீதத்துக்கு மேல் எடை குறைகிறது. ஜோடிக்குக் கணக்குப் பார்த்தால் சுமார் 50 முதல் 80 கிராம். ஆனால் அதே பருமனுள்ள டைட்டானியம் அச்சு எஃகைவிட அதிகம் வளைந்து கொடுக்கும், கீறல் விழுந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளாது. அதனால்தான் சில நிறுவனங்கள் டைட்டானியம் அச்சுள்ள பெடலுக்கு ஓட்டுபவரின் எடை வரம்பைக் குறிப்பிடுகின்றன. மலையேற்றப் பந்தயத்துக்கு அது பொருத்தம். குதித்து இறங்கும் சைக்கிளுக்கு வெப்பப் பதம் பார்த்த குரோம்மாலி எஃகு அச்சே வேண்டும். நல்ல எஃகு பெரும்பாலும் முறிவதற்கு முன் வளையும். வளைந்தால் பாதம் ஒவ்வொரு சுற்றிலும் ஆடுவதை நீங்கள் உணர்வீர்கள். நிறுத்திப் பார்க்க நேரம் கிடைக்கும். 60 கிராமுக்காக அந்த எச்சரிக்கையை விற்காதீர்கள்.

பேரிங்கைப் பற்றி எதற்கு இவ்வளவு பேசுகிறீர்கள்? பெடல் சுற்றினால் போதாதா?

நம் ஊரில் பெடல் கல்லில் அடிபட்டுச் சாவதைவிடச் சேற்றில் சாவதுதான் அதிகம். அக்டோபர், நவம்பர் மழையில் ஓடிய பெடல் ஒன்றை நான் திறக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

பழைய நாளிதழை விரித்து அதன்மேல் வைப்பேன். வெளிமூடியைக் கழற்றியதும் முதலில் வருவது தண்ணீர், இரண்டு மூன்று சொட்டு, தேநீர் நிறத்தில். பிறகு நட்டைக் கழற்றி அச்சை உருவினால், வெண்ணெய் மாதிரி இருக்க வேண்டிய கிரீஸ் மிளகாய் அரைத்த விழுதுபோல் சிவந்து வரும். விரல்களுக்கு நடுவில் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். அது செம்மண். கிரீஸோடு கலந்த செம்மண் உலோகத்தைத் தேய்க்கும் அரத்துக்குச் சமம். அச்சின்மேல் புஷ் (அச்சைச் சுற்றி உட்காரும் வழவழப்பான சிறு குழாய்) உட்காரும் இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும், நகத்தை வைத்தால் தட்டும். அந்த அச்சுக்குப் புதிய புஷ் போட்டும் பலனில்லை.

மெலிந்த பெடல்களில் இடவசதி குறைவு. அதனால் கிராங்க் பக்கத்தில் வழவழப்பான புஷ் ஒன்றும், வெளிப்பக்கத்தில் சிறிய பேரிங் ஒன்றோ இரண்டோ வைக்கிறார்கள். சரியான ஏற்பாடுதான். ஆனால் கிராங்க் பக்கம் உள்ள ரப்பர் வளையம் தேய்ந்தவுடன் சேறு நேராக உள்ளே போகிறது. ஆகவே வாங்கும்போது மூன்று விஷயம் விசாரியுங்கள். கிராங்க் பக்கத்தில் ரப்பர் அடைப்பு வளையம் இருக்கிறதா? சாதாரண கருவிகளால் திறக்க முடியுமா? புஷ், பேரிங், வளையம் அடங்கிய மாற்றுப் பொட்டலம் தனியாக விற்கிறார்களா? மூன்றாவதற்கு இல்லை என்ற பதில் வந்தால், அந்தப் பெடல் எவ்வளவு மெலிந்ததாக இருந்தாலும் ஒரு மழைக்காலத்துச் சொத்துதான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்வது?

மழைக்காலத்தில் வாரம்தோறும் ஓட்டுபவர் மாதம் ஒருமுறை. வறண்ட மாதங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். பழைய கிரீஸை முழுவதும் துடைத்து எடுத்துவிட்டுப் படகுகளுக்குப் போடும் நீர்புகாத கிரீஸைப் பூசுங்கள். நட்டு திரும்ப மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். சில பெடல்களில் ஒரு பக்கத்து நட்டு இடஞ்சுழி மரையில் இருக்கும்.

சமையல் எண்ணெய் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சில வாரங்களில் பிசினாகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். துருநீக்கித் தெளிப்பானும் கிரீஸுக்கு மாற்று இல்லை, இருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும். கார் கழுவும் கடையில் சைக்கிளை நிறுத்தி அழுத்த நீரைப் பெடல் அச்சின்மேல் பீய்ச்சுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். சேறு தானாகப் போகாத இடத்துக்கு அந்த நீர் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வாளித் தண்ணீரும் தூரிகையும் போதும்.

தட்டைப் பெடலா, பூட்டுப் பெடலா?

இன்றைய உலகக் கோப்பை டவுன்ஹில் பந்தயக்காரர்களில் பெரும்பாலோர் காலணியைப் பெடலில் பூட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். வேர்களும் கற்களும் நிறைந்த பாதையில் பாதம் துள்ளி விலகாமல் இருப்பது அவர்களுக்குப் பெரிய பலம். அதே நேரம், ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் 2006, 2007, 2010 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தட்டைப் பெடலில் நின்றுதான் டவுன்ஹில் உலக வெற்றியாளர் ஆனார். பின்னர் 2017 முதல் 2019 வரை தொடர்ந்து மூன்று முறை எண்டியூரோ (பல இறக்கங்களின் நேரத்தைக் கூட்டிப் பார்க்கும் பந்தயம்) உலகத் தொடரையும் அதே பெடலில் வென்றார். ஆகவே தட்டைப் பெடல் தொடக்கக்காரர்களுக்கு மட்டுமே என்பது தவறு.

எங்கள் செம்மண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மழை பெய்து ஒருநாள் ஆன செம்மண் களிபோல ஒட்டும். பத்தடி தள்ளிக்கொண்டு நடந்தால் காலணியின் அடியில் பெடலோடு பூட்டும் கிளீட் என்ற துண்டு மண்ணுக்குள் புதைந்துவிடும், அதன்பின் பூட்டாது. பாதி பூட்டிய நிலையில் இறங்குவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. நாம் ஏறும்போது தள்ளிக்கொண்டு நடப்பவர்கள். அதனால் இங்கே தட்டைப் பெடல்தான் பொருத்தம் என்று நினைக்கிறேன். பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்பவர் பூட்டுப் பெடலுக்குப் போகட்டும்; ஆனால் குதிகாலைத் தாழ்த்திப் பெடலை அழுத்தி நிற்கும் பழக்கத்தைத் தட்டைப் பெடலில் கற்றுக்கொண்ட பிறகு போகட்டும்.

முள் எத்தனை இருக்க வேண்டும்? நீளம்?

பக்கத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு. எண்ணிக்கையைவிட இடம் முக்கியம்: முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் முள் உயரமாகவும், நடுவில் அச்சுக்கு மேலே தாழ்வாகவும் இருந்தால் பாதம் ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பலகையே நடுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குழிந்திருந்தால் இன்னும் நல்லது. உயரம் 4 முதல் 5 மில்லிமீட்டர்.

முள்ளை மேலிருந்து திருகுவது ஒரு வகை, பின்பக்கத்திலிருந்து திருகி முன்பக்கம் நீட்டுவது இன்னொரு வகை. இரண்டாவதையே எடுங்கள். கல்லில் இடித்து முள்ளின் தலை நசுங்கினாலும், சாவி போடும் குழி பின்பக்கத்தில் பத்திரமாக இருக்கும். மேலிருந்து திருகிய முள்ளின் குழியோ நசுங்கிப்போய், இடுக்கியைத் தேட வேண்டியிருக்கும்.

பெரிய பலகை நல்லதா?

காலணி அளவு 42-க்கு மேல் என்றால் 105 மில்லிமீட்டர் அகலமும் நீளமும் உள்ள பலகை வசதி. டிஎம்ஆர் வால்ட் இந்த அளவுக்கு நல்ல எடுத்துக்காட்டு. சிறிய பாதத்துக்கு 95 முதல் 100 போதும். அதற்குமேல் அகலம் கூடினால் வெளிவிளிம்பு கல்லிலும், வெட்டிப்போட்ட செம்பனை மட்டையிலும் சிக்கும். கிராங்க்பிரதர்ஸ் ஸ்டாம்ப், ஷிமானோ எக்ஸ்டி தட்டைப் பெடல் இரண்டும் இரண்டு அளவில் வருகின்றன. பாதத்துக்கு ஏற்றதை எடுங்கள்.

காலணி எதுவாக இருந்தாலும் பரவாயில்லையா?

பெடலுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியையாவது காலணிக்கு ஒதுக்குங்கள். பிடிப்பு பெடலில் பாதி, ரப்பரில் பாதி.

ரப்பரைப் பற்றி நம் பக்கத்தவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. இங்கிருந்து சற்று தூரத்தில் கோலகங்சாரில், 1877-இல் நட்ட முதல் ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. பால் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் நாம். கடையில் காலணியைக் கையில் எடுத்தவுடன் அடிப்பாகத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகத்தடம் விழுந்து மெதுவாக மறைந்தால் அது மென்மையான, துள்ளாத ரப்பர்; முள் அதில் புதைந்து பிடிக்கும். தடம் விழவே இல்லை என்றால் அது பெடலின்மேல் கட்டைமாதிரிதான் நிற்கும். மலையேறுபவர்களுக்குக் காலணி செய்துவந்த ஃபைவ் டென் நிறுவனம் அந்த ரப்பரைச் சைக்கிள் காலணிக்குக் கொண்டுவந்தபோதுதான் தட்டைப் பெடல் ஓட்டுபவர்களின் நிலைமையே மாறியது.

பள்ளிக்கூடத்து வெள்ளைக் கேன்வாஸ் காலணியோடு வரும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப மனம் வராது. ஆனால் அதன் அடி மெலிந்தது. 5 மில்லிமீட்டர் முள் பாதத்தில் உறைக்கும். செம்பனை மட்டையின் காம்பு முள்ளோ அதைத் துளைத்தே போய்விடும்.

என் மகனுக்கு 14 வயது. முதல் டவுன்ஹில் சைக்கிள். எந்தப் பெடல் வாங்கித் தரட்டும், அண்ணா?

நைலான் பலகை, எஃகு அச்சு, 100 மில்லிமீட்டருக்குள் அகலம். பிளாஸ்டிக் என்பதால் தரக்குறைவு என்று எண்ண வேண்டாம், அக்கா. டைட்டானியம் அச்சுள்ள பெடலின் விலையில் இதுபோல் மூன்று நான்கு ஜோடி வாங்கலாம். மிச்சமாகும் வெள்ளியில் (ரிங்கிட்டில்) முழங்கால் கவசமும், முகத்தை மூடும் தலைக்கவசமும் வாங்கிக் கொடுங்கள். அவனுடைய முதல் ஆறு மாதத்துக்கு முட்களை ஒரு சுற்று தாழ்த்திக் கொடுக்கிறேன், கொண்டுவரச் சொல்லுங்கள்.

முள் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் கிழித்துவிட்டது. என்ன செய்வது?

ஓடும் தண்ணீரும் சோப்பும் வைத்து மண் முழுவதும் போகும்வரை கழுவுங்கள், எரிந்தாலும் பரவாயில்லை. ஆழமாக இருந்தாலோ, டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பல ஆண்டு ஆகியிருந்தாலோ அன்றே கிளினிக்குக்குப் போங்கள். தோட்டத்து மண்ணில் மாட்டுச்சாணமும் உரமும் கலந்திருக்கும். பந்தாட்டக்காரர்கள் காலின் முன்பக்கத்தில் போடும் கவசத்தைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் இந்தக் கேள்வி பெரும்பாலும் வராது.

பெடலைக் கழற்ற முடியவில்லை. எந்தப் பக்கம் திருப்புவது?

வலது பெடலுக்கு வழக்கமான வலஞ்சுழி மரை, இடது பெடலுக்கு இடஞ்சுழி மரை. மிதிக்க மிதிக்கப் பெடல் தானாகக் கழன்றுவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள் 1900-இலேயே இப்படி மரை வைத்த பெடலை விளம்பரம் செய்து விற்றிருக்கிறார்கள்.

மரையை நினைவில் வைக்க வேண்டாம். ஸ்பேனரை நேர் மேல்நோக்கி நிறுத்திப் பின்சக்கரத்தை நோக்கி இழுங்கள். இரண்டு பக்கமும் கழலும். முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இரண்டும் இறுகும். பூட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளை விரலால்தான் ஏற்ற வேண்டும். விரலால் ஏறவில்லை என்றால் மரை கோணலாகப் போகிறது. ஸ்பேனரால் வற்புறுத்தினால் அலுமினியக் கிராங்க் பாழ். கடைசியில் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம். கார்பன் கிராங்க் என்றால் அதோடு வந்த வளையத்தை இடையில் போட மறக்காதீர்கள்.

இணையத்தில் மலிவாக, மெலிதாக ஒன்று பார்த்தேன். நம்பலாமா?

பயனர் கையேடு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஏஎஸ்டிஎம் எஃப் 2043 என்ற வகைப்பாட்டில் சைக்கிளின் பயன்பாட்டை எண்ணால் குறிக்கிறார்கள்; டவுன்ஹில்லுக்கும் பெரிய குதிப்புகளுக்கும் உரிய எண் 5. நல்ல நிறுவனங்கள் இதைக் கையேட்டில் அச்சிடுகின்றன. அதோடு, மாற்று உதிரிகள் விற்கிறார்களா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லாத பெடலைக் கடைக்குப் போய்வரும் சைக்கிளில் பூட்டலாம், மேட்டிலிருந்து இறங்கும் சைக்கிளில் வேண்டாம்.

வந்ததும் நிறுத்துப் பாருங்கள். பக்கத்து மளிகைக்கடைத் தராசில் வைத்தால் போதும். சொன்ன எடைக்கும் தராசு காட்டுவதற்கும் ஐந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அவர்கள் சொன்ன மற்றவற்றையும் அதே அளவுக்குத்தான் நம்ப வேண்டும்.

எப்போது மாற்ற வேண்டும்? பழையதை என்ன செய்வது?

பெடலைக் கிராங்குக்கு அருகில் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆடினால் புஷ் மாற்றும் நேரம். பிறகு சைக்கிளைத் தாங்கியில் நிறுத்திப் பெடலை விரலால் சுண்டி, அச்சின் போக்கில் கண்ணை வைத்துப் பாருங்கள். பலகை வட்டமாகச் சுற்றாமல் நீள்வட்டமாக அலைந்தால் அச்சு வளைந்திருக்கிறது. அன்றே ஓட்டத்தை நிறுத்த வேண்டும். பெரிய விழுகைக்குப் பின் ஆடாமல் நன்றாகவே சுற்றினாலும், அச்சை உருவி மரை தொடங்கும் இடத்தைத் துடைத்து, நகத்தால் ஒரு சுற்று வருடிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அது முடிந்த அச்சு.

பலகை நன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், புதிய அச்சும் பேரிங்கும் போட்டு இன்னும் இரண்டு மழைக்காலம் ஓட்டலாம். முட்களைக் கழற்றி ஒரு டப்பாவில் போடுங்கள், யாருக்காவது உதவும். வளைந்த அச்சை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். நான் அதைப் பட்டறைக்கல்லில் வைத்துச் சுத்தியலால் இன்னும் நன்றாக வளைத்துவிட்டுத்தான் பழைய இரும்புக்குப் போடுகிறேன். இல்லையென்றால் யாராவது ஒரு பையன் அதை எடுத்துக்கொண்டுபோய் மறுபடியும் பூட்டிவிடுவான்.